எழுபத்தைந்து நாள் கணக்கு



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது, "கவிதையெல்லாம் எனக்கு வராதுப்பா" என்று நழுவப் பார்த்தேன். "கிராஃப் ஷீட்டில் கறுப்புப் புள்ளி வைத்துக்கொண்டு திரிந்தாயே, அதையே எழுதேன்" என்றார். அதன் விளைவுதான் இக்கட்டுரை. இது அறிவுரை அல்ல. ஒரே சோதனையை இரண்டு முறை செய்து பார்த்தவனின் ரெக்கார்டு நோட்டு. நோக்கம், செய்முறை, ரீடிங், முடிவு எல்லாம் இருக்கிறது. ரீடிங் மட்டும் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியது அல்ல!

நோக்கம்

நான்காம் செமஸ்டரில் நம் கல்லூரியில் மருத்துவ முகாம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரு பீரியட் தப்பிக்கலாமே என்றுதான் நானும் வரிசையில் நின்றேன். உயரம் 168 செ.மீ., எடை 79 கிலோ, ரத்த அழுத்தம் 138/88. டாக்டர் அம்மா கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "பி.எம்.ஐ. 28 வருது தம்பி. நம்ம நாட்டுக்காரங்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிகம். வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா?" என்று கேட்டார்.

"அப்பாவுக்கு இருக்கு டாக்டர்."

"வயசு?"

"47. போன வருஷம் கால் விரல் ஒண்ணை எடுத்துட்டாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உனக்கு 18 வயசுதான். இன்னும் எதுவும் கெட்டுப் போகல. ஆனா நீ போற ரோடும் அப்பா போன ரோடும் ஒண்ணுதான், பாத்துக்கோ" என்றார்.

அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலிருந்து 'சின்ன யானை' வண்டியில் லோடு அடிப்பவர். அந்த விரல் போனபின் கிளட்ச் மிதிக்கும்போது அவர் முகம் சுருங்குவதைப் பார்த்தவன் நான். அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் அன்றாட வாழ்க்கையை ஒரு பேப்பரில் எழுதிப் பார்த்தேன்.

காலை எட்டே முக்காலுக்கு எழுந்திருப்பது. டிபன் கிடையாது. நாளைக்கு ஆறு டீ. இரவு மெஸ் சாப்பாடு பிடிக்காமல் கேட்டுக்கு எதிர்க்கடையில் நாலு பரோட்டா. அப்புறம் ஒரு மணி, ஒன்றரை மணி வரை போனில் ரீல்ஸ். மூன்று பாடங்களில் அரியர். விளையாட்டு மைதானத்தை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி!

டீயை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சீனி. ஆறு டீக்குப் பன்னிரண்டு ஸ்பூன், அதாவது சுமார் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சராசரி வளர்ந்தவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்தே சர்க்கரையின் உச்ச வரம்பு கிட்டத்தட்ட அவ்வளவுதான். பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறார்கள். நான் அந்தக் கோட்டாவை டீக்கடையிலேயே முடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் சோதனை

அறைத்தோழன்தான் சொன்னான். "மாப்ள, '75 ஹார்ட்'னு ஒண்ணு இருக்கு. முடிச்சா நீ ஆளே மாறிடுவ."

விசாரித்தேன். ஆண்டி ஃப்ரிசெல்லா என்ற அமெரிக்கத் தொழிலதிபர் 2019-ல் அறிமுகப்படுத்தியது. அவர் டாக்டர் அல்ல. சத்துப்பொருள் விற்கும் நிறுவனம் நடத்துபவர். இதை உடற்பயிற்சித் திட்டம் என்று அவர் சொல்வதில்லை, மன உறுதிக்கான பயிற்சி என்கிறார். 75 நாட்கள், ஒரு நாளும் விடாமல் செய்ய வேண்டியவை இவை:

1. ஏதாவது ஓர் உணவுக் கட்டுப்பாட்டைத் தேர்ந்தெடுத்து அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். மது கூடாது. 'இன்னைக்கு ஒரு நாள் மட்டும்' என்ற பேச்சே கூடாது.

2. நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு 45 நிமிடம் உடற்பயிற்சி. ஒரு வேளை வெட்டவெளியில்.

3. ஒரு கேலன் தண்ணீர். நம் கணக்கில் 3.8 லிட்டர்.

4. அறிவு வளர்க்கும் புத்தகம் பத்துப் பக்கம்.

5. தினம் ஒரு புகைப்படம், உடம்பில் மாற்றம் தெரிவதற்காக.

இதில் எது ஒன்று தவறினாலும், 74-ஆம் நாளாகவே இருந்தாலும், திரும்ப முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்! சூடு இதில்தான் இருக்கிறது.

தொடங்கினேன். அந்த முதல் வாரத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஐந்தேகால் மணிக்கு மைதானத்தில் இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்கியது. தண்ணீர்க் கணக்கை மாலைவரை மறந்துவிட்டு, ராத்திரி ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டர் குடித்தேன். இது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. நம் சிறுநீரகத்தால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் வெளியேற்ற முடியும். அதற்கு மேல் மேலே ஊற்றிக்கொண்டே போனால் ரத்தத்தில் உள்ள சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, முற்றினால் வலிப்புகூட வரும். எனக்குத் தலைவலியோடு போயிற்று.

ஆனாலும் நண்பர்களே, நல்லதையும் சொல்ல வேண்டும். பத்தாம் நாளில் அலாரம் அடிக்கும் முன்பே விழிப்பு வந்தது. காலை டிபன் ருசித்தது. 23 நாளில் எடை 76.5 ஆனது. 'நம்மால் முடியும்' என்ற எண்ணம் எனக்கு முதன்முதலாக வந்தது அப்போதுதான். அதற்காக அந்தத் திட்டத்துக்கு நான் என்றும் நன்றி சொல்வேன்.

24-ஆம் நாள்

அன்று மதியம் மார்க்கெட்டிலிருந்து ஒரு லோடுமேன் அண்ணன் போன் செய்தார். "தம்பி, அப்பா வண்டியில மயக்கமாச் சாஞ்சுட்டாரு. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். பயப்படாம வா."

நடந்தது இதுதான். காலையில் சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டார். லோடு இறக்க நேரமாகிவிட்டது. மத்தியானம் இரண்டு மணிவரை வயிற்றில் எதுவும் இல்லை. மாத்திரை தன் வேலையைச் செய்தது, ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிட்டது. நல்லவேளை, வண்டி நின்றிருந்தது.

(வீட்டில் சுகர் உள்ளவர்கள் இருக்கும் நண்பர்கள் குறித்துக்கொள்ளுங்கள். வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சு குழறல் இவை சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகள். நினைவோடு இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் பார்த்து, சரியாகாவிட்டால் இன்னொரு முறை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிதான்.)

இரவு அப்பா கட்டிலருகே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மணி பதினொன்று. அவர் கண்ணயர்ந்திருந்தார். அப்போது என் மனசுக்குள் என்ன ஓடியது தெரியுமா? 'இரண்டாவது 45 நிமிடம் பாக்கி இருக்கிறதே, பன்னிரண்டுக்குள் முடிக்காவிட்டால் 23 நாளும் வீணாகுமே!' எழுந்து வெளியே போய், ஆஸ்பத்திரி வளாகத்தைச் சுற்றிச் சுற்றி வேகமாக நடந்தேன். வாட்ச்மேன் இரண்டு தடவை என்னை முறைத்தார்.

திரும்பி வந்தபோது நர்ஸ் அக்கா கோபமாக நின்றார்கள். "எங்க போனீங்க? அப்பா எந்திரிச்சுத் தண்ணி கேட்டிருக்காரு. ஆளைக் காணோம்னு தானா இறங்கப் பாத்திருக்காரு. விழுந்திருந்தா?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "புள்ளை டீ குடிக்கப் போயிருப்பான்மா" என்றார்.

பத்துப் பக்கம் அன்று படிக்கவில்லை. பன்னிரண்டு மணி கடந்துவிட்டது. விதிப்படி மறுபடி முதல் நாள். அப்பாவையும் விட்டேன், கணக்கையும் விட்டேன்.

விடுதிக்குத் திரும்பியதும் என்ன செய்தேன் என்கிறீர்கள்? நேராக எதிர்க்கடைக்குப் போய் ஐந்து பரோட்டா! 'ஒண்ணு போச்சு, இனி எல்லாமே போகட்டும்' என்ற வீம்பு. ஐந்து வாரத்தில் எடை 80. தொடங்கிய இடத்தையும் தாண்டிவிட்டேன்.

எங்கே தவறு?

என் மனசு பலவீனமானது என்று முதலில் நினைத்தேன். பிறகு நூலகத்திலும் இணையத்திலும் தேடிப் படித்தபோது, இது எனக்கு மட்டும் வந்த நோய் அல்ல என்று தெரிந்தது.

ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1975-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், பிறகு ஐஸ்கிரீம் வேண்டுமளவு சாப்பிடச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், ஏற்கெனவே வயிறு நிறைந்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் எப்போதும் கட்டுப்பாட்டோடு சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்தபின் அதிகமாகச் சாப்பிட்டார்கள்! கோடு தாண்டியாயிற்று, இனி என்ன என்ற எண்ணம்தான். என் ஐந்து பரோட்டாவும் அந்த ஐஸ்கிரீமும் ஒரே இனம்.

அடுத்தது, பழக்கம் உருவாக எத்தனை நாள்? '21 நாள்' என்று எல்லோரும் சொல்கிறோம். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய புத்தகத்திலிருந்து பரவியது அது. முக அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்தார். 'குறைந்தது' என்ற சொல் நாளடைவில் கழன்றுவிட்டது! லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செயல் தன்னால் நடக்கும் பழக்கமாக மாற, நடுவாகச் சொன்னால் 66 நாள். ஆளுக்கும் செயலுக்கும் தக்கபடி 18 நாள் முதல் 254 நாள் வரை கணக்காயிற்று. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொரு முடிவு: இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை!

அப்படியானால் என் 23 நாளும் எங்கும் போய்விடவில்லை. 24-ஆம் நாளை விட்டதால் நான் தோற்கவில்லை. 25-ஆம் நாளை விட்டதால்தான் தோற்றேன்.

அந்த வாரம் ஒர்க்‌ஷாப்பில் ஹீட் ட்ரீட்மென்ட் பாடம். எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் குவென்ச் செய்தால் ஹார்ட் ஆகும். ஆனால் அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் விரிசல் விடும். மறுபடி மிதமான சூட்டில் டெம்பரிங் செய்தால் ஹார்ட்னஸ் கொஞ்சம் குறையும், அடி தாங்கும் சக்தி கூடும். "ஹார்ட் வேற, டஃப் வேற. வைவால கேப்பேன், குழப்பிக்காதீங்க" என்றார் எங்கள் ஆசிரியர். எனக்கு அன்றே வைவா முடிந்துவிட்டது.

பிராங்ளினின் சின்ன நோட்டு

பெஞ்சமின் பிராங்ளினை (1706-1790) இடிதாங்கி கண்டுபிடித்தவராக நமக்குத் தெரியும். அவர் தன் சுயசரிதையில் இளமையில் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறார். உணவில் அளவு, ஒழுங்கு, உழைப்பு, சிக்கனம் என்று 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு ஒரு சிறு நோட்டுப் போட்டார். குணத்துக்கு ஒரு பக்கம். சிவப்பு மையில் ஏழு நாளுக்கு ஏழு கட்டம். தவறு செய்த நாளில் கறுப்புப் புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தில் முழுக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நாலு சுற்று. புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி நோட்டு ஓட்டையாகிவிட்டதாம்! பிறகு தந்தத் தகட்டில் கோடு போட்டு, பென்சிலால் புள்ளி வைத்து, ஈரத்தால் துடைத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் 'ஒழுங்கு' மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. முழுமை கிட்டவில்லை, ஆனால் முயன்றதால் முன்னைவிட நல்லவனாக, மகிழ்ச்சியானவனாக ஆனேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். புள்ளி விழுந்ததற்காக அவர் நோட்டைக் கிழிக்கவில்லை. புள்ளிகள் குறைகின்றனவா என்று பார்த்தார்.

இரண்டாம் சோதனை

நாட்கள் அதே 75. விதிகளை நம் விடுதிக்கும் என் உடம்புக்கும் பொருந்த மாற்றினேன்.

1. காலை 5.30-க்கு எழுந்து 40 நிமிடம் ஓட்டம் அல்லது வேக நடை. வாரத்துக்கு 280 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, மிதமான பயிற்சியாக வாரம் 150 முதல் 300 நிமிடம். அதற்குள் அடங்குகிறது. '75 ஹார்ட்' கணக்கு 630 நிமிடம், ஓடியே பழகாதவன் முட்டி என்னத்துக்கு ஆகும்?

2. டீ இரண்டு, சீனி இல்லாமல்.

3. மெஸ்ஸில் சோறு ஒரு தடவை, காய் இரண்டு தடவை. ஊறுகாய், அப்பளம் வேண்டாம், ரத்த அழுத்தத்துக்கு உப்பு ஆகாது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்பது கணக்கு.

4. பரோட்டா ஞாயிறு மட்டும். இரண்டு.

5. ஒரு லிட்டர் பாட்டில் மூன்று, நாள் முழுக்கப் பரப்பிக் குடிப்பது.

6. அரியர் பாடத்தில் பத்துப் பக்கம். எனக்கு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்!

7. இரவு 10.30-க்கு போனை அறைத்தோழன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஏழு மணி நேரத் தூக்கம்.

எட்டாவதாகத் தண்டனை விதி. முதல் நாளுக்குத் திரும்புவது கிடையாது. ஆனால் ஒரே விதியில் அடுத்தடுத்து இரண்டு நாள் புள்ளி விழக் கூடாது. வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்றால் அன்று கணக்கே கிடையாது.

கட்டிலுக்கு மேலே கிராஃப் ஷீட் ஒட்டினேன். போட்டோ எடுப்பதை விட்டுவிட்டேன், அது எனக்குக் கண்ணாடி முன் நிற்கும் நேரத்தைத்தான் கூட்டியது.

ரீடிங்

75 நாள், ஏழு விதி, மொத்தம் 525 கட்டம். கறுப்புப் புள்ளி 61. முதல் 25 நாளில் 34, அடுத்த 25 நாளில் 16, கடைசி 25 நாளில் 11. இதில் 27 புள்ளி ஏழாவது விதியில் மட்டும். பிராங்ளினுக்கு ஒழுங்கு, எனக்குத் தூக்கம்!

எடை 80-லிருந்து 74.5. ரத்த அழுத்தம் 126/82. அரியர் மூன்று போய் ஒன்று பாக்கி. 75 முடிந்த பிறகும் காலை ஓட்டம் நிற்கவில்லை. பி.எம்.ஐ. இன்னும் 26-க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, ஆகவே வேலை முடியவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டுமல்லவா?

நீங்களும் தொடங்க நினைத்தால்

ஏழு விதியோடு தொடங்காதீர்கள். மூன்று போதும். 'நன்றாகப் படிப்பேன்' என்பது விதி அல்ல. 'மெஸ்ஸில் தட்டுக் கழுவியதும் பத்துப் பக்கம்' என்பது விதி. ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு வேலையின் வாலில் புது வேலையைக் கட்டிவிடுங்கள். புள்ளியை அன்றன்றைக்கே வையுங்கள், சனிக்கிழமை மொத்தமாக நிரப்பினால் அது நம் லேப் அப்சர்வேஷன் கதைதான். ஆஸ்துமா, இதயக் கோளாறு, சுகர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். ஒல்லியாக இருக்கும் நண்பர்கள் எடை குறைக்கும் விதி எதையும் தொடவே வேண்டாம். 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்டால் மருந்தே வேண்டாம் என்கிறார். பட்டினி கிடக்கச் சொல்லவில்லை, அளவைத்தான் சொல்கிறார்.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது பையிலிருந்த கிராஃப் ஷீட்டை அப்பா பார்த்துவிட்டார். "என்னடா இது, மார்க்கெட் கணக்கு மாதிரி?" என்றார். விளக்கினேன். ஆஸ்பத்திரி இரவில் நான் எங்கே போனேன் என்பதையும் அன்றுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு. ரூல் ரெண்டு போதும்" என்றார்.

மாத்திரை போட்டால் அரை மணிக்குள் சாப்பாடு. ராத்திரி படுக்குமுன் கால் கழுவித் துடைத்து, புண் இருக்கிறதா என்று இரண்டு பாதத்தையும் பார்ப்பது. இவ்வளவுதான். அந்தத் தாள் இப்போது சின்ன யானையின் டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறது. போன வாரம் போனில், "ரெண்டு புள்ளிதாண்டா இந்த மாசம்" என்றார்.

என்னுடையது ஒன்பது. அப்பாதான் முந்துகிறார்!

நாளைக் காலை 5.30-க்கு மைதானத்தில் சந்திப்போம். வர முடியாமல் போனால் புள்ளி வைத்துவிட்டு, மறுநாள் வாருங்கள்.

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை